ஓடை வேகமாக ஓடுகிறது, அதில் மின்சாரம் எடுக்க முடியுமா?

கொடைக்கானல் கீழ்மலையில் ஐந்து ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. ஊரும் பெயரும் நீக்கப்பட்டுள்ளன.

அவருடைய தோட்டத்து வீட்டுக்கு மின் இணைப்பு இல்லை. கடைசி மின்கம்பம் ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்தபோது, "இப்போதைக்கு வாய்ப்பில்லை" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிலத்தின் எல்லையை ஒட்டி நாலடி அகலத்தில் ஓர் ஓடை வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அது ஓரடி ஆழத்துக்கு ஓடும். அப்போது ஓர் இலையைப் போட்டால் நான்கு நொடியில் இருபதடி போய்விடுகிறது. சித்திரையிலும் வற்றுவதில்லை, பாறையிலிருந்து விழும் இடத்தில் 15 லிட்டர் வாளியை வைத்தால் மூன்று நொடியில் நிறைகிறது. தோட்டத்தின் மேல்முனையிலிருந்து காபிப் பழம் அரைக்கும் பல்பர் கொட்டகை வரை 60 அடி இறக்கம் உண்டு. குழாய் போட்டால் 120 மீட்டர் நீளும். கொட்டகையிலிருந்து வீடு 60 மீட்டர்.

ஓடையின் வேகத்தைப் பார்த்த ஒரு விற்பனைப் பிரதிநிதி, நீரோட்டத்திலேயே மிதக்கும் டர்பைன் ஒன்றை வைத்தால் 5 கிலோவாட் கிடைக்கும் என்று சொல்லி, நாலேமுக்கால் லட்சம் ரூபாய்க்கு விலைப்பட்டியல் கொடுத்து, முன்பதிவுக்கு 25,000 ரூபாய் வாங்கிச் சென்றிருக்கிறார். மைத்துனர் தடுப்பணை கட்டச் சொல்கிறார். பாலிடெக்னிக் படிக்கும் மகன், சோலார் மோட்டாரால் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கலாம் என்கிறார். ஓடை தன் நிலத்தை ஒட்டி ஓடுவதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது வாசகரின் எண்ணம். மிஞ்சும் மின்சாரத்தைப் பக்கத்துத் தோட்டத்து வீடுகள் இரண்டுக்கு மாதக் கட்டணத்துக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஓடையிலிருந்து வீட்டுக்குப் போதுமான மின்சாரம் எடுக்க முடியும் என்றே உங்கள் அளவுகள் காட்டுகின்றன. ஆனால் அது 5 கிலோவாட் அல்ல. நீங்கள் முன்பணம் கொடுத்திருக்கும் கருவியாலும் அது கிடைக்காது. விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் இலை மிதக்கும் நேரத்தையும் வாளி நிறையும் நேரத்தையும் எண்ணிப் பார்த்தவர் நீங்கள். அந்த எண்களை வைத்தே இதை விளக்குகிறேன்.

வேகத்தைவிட உயரமே முக்கியம்

பாய்ந்து ஓடும் தண்ணீரைக் கண்டால் அதில் பெரிய ஆற்றல் இருப்பதாக எல்லோருக்கும் தோன்றும். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. நாலடி அகலம், ஓரடி ஆழம் என்றால் ஓடையின் குறுக்குப் பரப்பு 0.37 சதுர மீட்டர். நான்கு நொடிக்கு இருபதடி என்பது நொடிக்கு ஒன்றரை மீட்டர். அதுவும் மேல்மட்ட வேகம்தான், அடியில் பாறையோடு உரசும் நீர் இன்னும் மெதுவாகவே போகும். ஓடை முழுவதும் அதே வேகத்தில் ஓடுவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த ஓட்டத்தில் இருக்கும் மொத்த இயக்க ஆற்றல் ஏறத்தாழ 630 வாட். தடையில்லாமல் ஓடும் நீரிலிருந்து எந்த டர்பைனும் 59 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பது இயற்பியல் விதித்திருக்கும் எல்லை. சிறிய கருவிகள் நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தாலே நன்று. அப்படியானால் ஓடையின் முழு அகலத்தையும் அடைத்து வைத்தால்கூட 200 வாட்டுக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. மழைக்காலத்திலேயே இவ்வளவுதான், கோடையில் அந்தக் கருவி மிதப்பதற்கே தண்ணீர் இருக்காது. மொத்தமே 630 வாட் உள்ள இடத்தில் 5,000 வாட் தருவதாக ஒருவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால், ஓடையை அளந்து பார்க்காமலே எழுதியிருக்கிறார் என்றுதான் பொருள்.

இத்தகைய கருவிகளே வீண் என்று சொல்லிவிட முடியாது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், ஆழமும் அகலமும் உள்ள, ஆண்டு முழுவதும் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் பாயும் பெரிய ஆறுகளிலும் கடல் நீரோட்டங்களிலும் அவற்றுக்கு இடமுண்டு. மலையோடைக்கு அவை பொருந்தா.

உங்களிடம் இருக்கும் உண்மையான செல்வம் அந்த 60 அடி இறக்கம். நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கும்போது 9.8 வாட் கிடைக்க வேண்டும். சிறிய டர்பைன், ஜெனரேட்டர், கம்பி ஆகியவற்றில் ஏறத்தாழ பாதி போய்விடும் என்பதால், நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் இறக்கம் என்ற இரண்டையும் பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் கையில் கிடைக்கும் வாட் வந்துவிடும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம் என்பது வெறும் 11 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரின் ஆற்றலுக்குச் சமம். உங்கள் 60 அடியோ 18 மீட்டர். அதே தண்ணீரை மூடிய குழாயில் இறக்கி, முனையில் நீரைக் குறுக்கிப் பீச்சும் ஒரு சிறிய நாசிலைப் பொருத்தினால், அது நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் பீச்சி அடிக்கும். பைக்காரா மின்நிலையம் 1932 முதல் இயங்குவதும் இந்த வழியில்தான். அங்கே இறக்கம் 900 மீட்டருக்கும் மேல் என்பதால், ஒப்புநோக்கக் குறைந்த நீரே போதுமானதாக இருக்கிறது. காவிரியின் கதவணை மின்நிலையங்களில் இறக்கம் சில மீட்டர்தான். அங்கே அதை ஈடுசெய்வது ஆற்றின் பெரும் நீரளவு. இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

கோடைத் தண்ணீரை வைத்தே கணக்குப் போடுங்கள்

சித்திரையில் 15 லிட்டர் வாளி மூன்று நொடியில் நிறைகிறது என்றால் நொடிக்கு 5 லிட்டர். அதில் பாதியை ஓடைக்கே விட்டுவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மீதி இரண்டரை லிட்டரை 18 மீட்டர் இறக்கினால் 225 வாட் வரும். மின்வாரியக் கணக்கில் பழகிய நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இது இரவும் பகலும் நிற்காமல் வருவது. ஒரு நாளைக்கு 5.4 யூனிட் ஆகிறது. ஒரு கிலோவாட் சோலார் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குத் தருவது நான்கு யூனிட்டை ஒட்டியே இருக்கும். நீங்கள் பட்டியலிட்டிருக்கும் ஆறு எல்.இ.டி. விளக்குகள், டிவி, ஃபிரிட்ஜ், கைபேசி, தினமும் பத்து நிமிடம் மிக்ஸி ஆகிய எல்லாம் சேர்ந்து இரண்டு முதல் இரண்டரை யூனிட். பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் போகும் இழப்பைச் சேர்த்தாலும் மூன்றரையைத் தாண்டாது. ஆக, ஆண்டின் மிக மோசமான மாதத்திலும் வீடு ஓடும். இண்டக்ஷன் அடுப்பையும் கீசரையும் மட்டும் மறந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் நொடிக்கு 10 லிட்டர் எடுக்கும்படி அமைத்தால், குழாயின் உராய்வில் இழக்கும் உயரம் போக 800 வாட், அதாவது நாளுக்கு 19 யூனிட் வரை கிடைக்கும். அதற்கு மேல் எடுக்க ஓடையில் நீர் இருந்தாலும், ஆண்டில் சில மாதங்களுக்காகப் பெரிய குழாயும் பெரிய டர்பைனும் வாங்குவது இந்த அளவு வீட்டுக்குத் தேவையில்லாத செலவு.

இந்த அளவுகளை நீங்களே ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். வாளி அளவைப் பங்குனி, சித்திரையில் வாரம் ஒருமுறை எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் ஓடை எப்படி இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். 60 அடி என்பது கண்ணளவாக இருந்தால், கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வைத்துப் படிப்படியாக அளந்துவிடுங்கள். கைபேசி காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம், பத்து மீட்டர் தவறு அதில் சாதாரணம்.

பணம் போகும் இடம் குழாய்

டர்பைனைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். திட்டம் கெடுவதோ பெரும்பாலும் குழாயில்தான். நொடிக்கு 10 லிட்டரை 110 மி.மீ. குழாயில் 120 மீட்டர் கொண்டுவந்தால் உராய்வில் சுமார் ஒன்றரை மீட்டர் உயரம் இழப்பாகும். செலவைக் குறைக்க 75 மி.மீ. குழாய் போட்டால் அந்த இழப்பு ஏறக்குறைய பத்தரை மீட்டராகிவிடும். 18 மீட்டரில் பாதிக்கு மேல் குழாயே தின்றுவிடும். எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லமாட்டார். 110 மி.மீ. எச்.டி.பி.இ. குழாயை வாங்கி, மண்ணில் புதைத்துவிடுங்கள். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும்; காட்டுமாடு நடக்கும் தடத்தில் மேலே போட்ட எந்தக் குழாயும் நிலைக்காது.

குழாயின் வாயில் மைத்துனர் சொல்லும் தடுப்பணை வேண்டியதில்லை. முழங்கால் உயரத்தில் கல் அடுக்கி நீரைத் திருப்பும் ஒரு சிறு தடுப்பு, இலைதழையை நிறுத்தும் கம்பிச் சல்லடை, மணல் அடியில் படிவதற்கு ஒரு தொட்டி ஆகியவை போதும். மணல் தொட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழையில் வரும் செம்மண் கலந்த நீர் நாசிலையும் டர்பைனின் கிண்ணங்களையும் ஒரே பருவத்தில் அரித்துவிடும். தடுப்பணை கட்டித் தண்ணீரைத் தேக்கினால் மழைக்கால வெள்ளத்தில் அது உடையும் அபாயமும், கரை சரியும் அபாயமும், சட்டச் சிக்கலும் ஒன்றாக வரும். உயரத்தில் அது கூட்டித் தருவது ஒன்றிரண்டு மீட்டர்தான்.

உங்கள் இறக்கத்துக்கும் நீரளவுக்கும், நாசிலிலிருந்து பீச்சும் நீர் கிண்ணங்களில் மோதிச் சுழற்றும் டர்கோ வகை டர்பைன் பொருந்தும். இரண்டு நாசில் வைத்து வாங்குங்கள். மழையில் 19 மி.மீ. அளவில் இரண்டும் திறந்திருக்கட்டும். கோடையில் ஒன்றை மூடிவிட்டு மற்றதில் 13 மி.மீ. நாசிலை மாற்றிக்கொள்ளலாம். சாதாரண பம்பையே பின்னோக்கிச் சுழலவிட்டு டர்பைனாக்கலாம் என்று சிலர் மலிவு வழி சொல்வார்கள். அது உண்மையில் நடப்பதுதான் என்றாலும், ஒரே நீரளவில் மட்டுமே ஒழுங்காக ஓடும் என்பதால் உங்களைப் போல பருவத்துக்குப் பருவம் மாறும் ஓடைக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

800 வாட்டில் ஒரு குதிரைத்திறன் பல்பர் மோட்டார் ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாக ஓடாது, ஓடும்போது அது ஒரு கிலோவாட்டை ஒட்டி இழுக்கும், தொடங்கும் நொடியில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். பேட்டரியும் பெரிய இன்வெர்ட்டரும் இருந்தால் ஓட்டலாம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. மின்சாரமாக மாறுவதற்கு முன், டர்பைன் தண்டில் ஒரு குதிரைத்திறனுக்குச் சற்று மேலேயே இருக்கிறது. டர்பைன் கொட்டகையிலேயே இருக்கப் போவதால், பெல்ட் போட்டுப் பல்பரை நேரடியாகச் சுழற்றிவிடலாம். பழம் பறிக்கும் மாதங்கள் வடகிழக்குப் பருவமழையை அடுத்தே வருவதால் தண்ணீருக்கும் குறை இருக்காது. பல்பர் கழிவுநீர் மட்டும் டர்பைனிலிருந்து வெளியேறும் நீரோடு சேர்ந்து ஓடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே 60 மீட்டர் இருப்பதால், 24 வோல்ட் அமைப்பு வேண்டாம். 10 சதுர மி.மீ. செம்புக் கம்பியிலேயே 800 வாட் போகும்போது ஏழு வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும். 48 வோல்ட் பேட்டரி வரிசை வைத்தால் இழப்பு எட்டு விழுக்காட்டுக்குள் அடங்கும். பேட்டரி நிறைந்த பிறகு டர்பைன் சுமையின்றி வெறிகொண்டு சுழலாமல் இருக்க, மிஞ்சும் மின்சாரத்தை ஒரு வெந்நீர்த் தொட்டிக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். மார்கழிக் குளிரில் அந்த வெந்நீர் உங்களுக்குப் பயன்படும். எர்த்திங், சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு போடுங்கள். ஈரமான கொட்டகையில் இதில் சிக்கனம் கூடாது.

மகனின் யோசனை

தண்ணீரை ஏற்றி இறக்கும் முறை நடைமுறையில் இருப்பதுதான். வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நிலையம் அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் அது மின்சாரத்தை உற்பத்தி செய்வதைவிடச் சேமிப்பதற்காக அமைந்தது. ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரத்தில் ஒரு பகுதி திரும்பி வராது. வீட்டு அளவில் இதன் கணக்கு மிகவும் இளைத்தது. ஆயிரம் லிட்டர் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் நிறைந்திருந்தால் அதிலுள்ள ஆற்றல் 27 வாட்மணி. 9 வாட் பல்பு ஒன்றை இழப்பே இல்லாமல் மூன்று மணி நேரம் எரிக்கலாம், நடைமுறையில் ஒன்றரை மணி நேரம். 150 ஆம்பியர்மணி இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று அப்படிப்பட்ட அறுபத்தாறு தொட்டிகளுக்குச் சமம். மகனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்து அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அவர் சோலாரை நினைத்ததில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஓடை மெலியும் மாசி முதல் சித்திரை வரை வெயில் நன்றாக இருக்கும். மூடுபனியில் தகடு தூங்கும் மாதங்களில் ஓடை நிறைந்திருக்கும். அரை கிலோவாட் தகட்டை அதே பேட்டரியோடு இணைத்தால், மழை பொய்த்த ஆண்டுக்கும் கவலை இல்லை.

ஓடை யாருடையது

இங்கேதான் உங்கள் எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905, தனியாருக்கு உரிமை நிறுவப்பட்டவை தவிர, ஓடைகளையும் அவற்றில் ஓடும் நீரையும் அரசின் சொத்தாகவே கொள்கிறது. உங்கள் பட்டாவின் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். ஓடை பெரும்பாலும் தனிப் புல எண்ணில் புறம்போக்காகக் காட்டப்பட்டிருக்கும். அதே நேரம், கரையை ஒட்டிய நிலக்காரருக்கு வீட்டுத் தேவைக்கும் பாசனத்துக்கும், அந்த நிலத்திலுள்ள தொழிலுக்கும் நீரைப் பயன்படுத்தும் உரிமையை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஏற்கிறது. கீழே உள்ளவர்களுக்குக் கணிசமான பாதிப்பு வரக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஓடைநீரை ஒழுங்குபடுத்தும் அரசின் அதிகாரமும் அந்தச் சட்டத்திலேயே காப்பாற்றப்பட்டிருக்கிறது.

டர்பைன் தண்ணீரைக் குடித்துவிடாது. எடுத்ததைக் கீழே திருப்பித் தந்துவிடும். ஆனால் எடுக்கும் இடத்துக்கும் விடும் இடத்துக்கும் நடுவில் ஓடை மெலிந்துபோகும். கோடையில் பாதியை விட்டுவிடச் சொன்னது அதனால்தான். உங்கள் கடிதத்தில் கீழே ஒரு தோட்டக்காரர் வாய்க்கால் எடுப்பதாகவும் அதற்கும் கீழே ஊர்க் குடிநீர்த் தொட்டி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்; இரண்டுக்கும் மேலேயே தண்ணீரை ஓடையில் சேர்த்துவிடுங்கள். வேலை தொடங்கும் முன் அந்தத் தோட்டக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், ஊராட்சிக்கும் தெரிவியுங்கள், நீர்வளத் துறையிடமும் வட்டாட்சியரிடமும் புறம்போக்கில் கல்தடுப்பு வைப்பதற்கு மனு கொடுத்து ஒப்புகை வைத்துக்கொள்ளுங்கள். குழாயோ தடுப்போ ஓரடி தூரம் காப்புக்காட்டுக்குள் போனாலும் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் (2023 முதல் அதன் பெயர் வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதினியம்) வந்துவிடும். அதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பதால் அந்தப் பக்கமே போகாமல் திட்டத்தை வரைவது நல்லது. உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால் கட்டுமானத்துக்கும் தனி அனுமதி தேவைப்படலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் தெரியும்.

சொந்தப் பயன்பாட்டுக்கு மின்சாரம் உற்பத்தி செய்ய மின்சாரச் சட்டம், 2003 உரிமம் கேட்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் கம்பி இழுப்பது மின்விநியோகம். அதற்கு உரிமமோ, அரசு அறிவித்த ஊரகப் பகுதிக்கான விலக்கோ வேண்டும். கோடையில் மிஞ்சப்போவது ஒன்றரை, இரண்டு யூனிட்தான் என்பதால் அந்த எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முன்பணமும் மின்வாரியமும்

25,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு, ஓடையின் அளவையும் 630 வாட் கணக்கையும் குறிப்பிட்டு, ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் இந்த வாரமே கடிதம் அனுப்புங்கள். எவ்வளவு நீரளவில், எவ்வளவு வேகத்தில் 5 கிலோவாட் வரும் என்பதை எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. அடுத்து யாரிடம் டர்பைன் வாங்கினாலும், உராய்வு இழப்பு போக 16 மீட்டர் நிகர உயரத்தில் நொடிக்கு இரண்டரை லிட்டரிலும் பத்து லிட்டரிலும் எத்தனை வாட் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதச் சொல்லி, தோட்டத்தில் ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

மின்வாரியத்தில் வாயால் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் வந்திருக்கிறது, அது மறுப்பாகாது. கேட்பவருக்கு இணைப்புத் தருவது உரிமம் பெற்ற விநியோக நிறுவனத்தின் கடமை என்று மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு சொல்கிறது. கம்பம் நடும் செலவை அவர்கள் உங்களிடம் கேட்கலாம், தூரம் அதிகம் என்பதால் காலமும் ஆகலாம். முறையான விண்ணப்பத்தைப் பதிவு செய்து மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மறுத்தாலோ தாமதித்தாலோ மின்நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அதன் பின் மின்குறை தீர்ப்பாளருக்கும் போகலாம். அந்த மதிப்பீடு வரும் வரை குழாய் வாங்க வேண்டாம். கம்பத்துக்கான தொகையும் டர்பைன் திட்டத்தின் தொகையும் அருகருகே இருந்தால்தான் எது லாபம் என்று தெரியும். பங்குனி, சித்திரை அளவுகள் முடிவதற்குள் இரண்டும் உங்கள் கைக்கு வந்திருக்கும்.